காற்றில்லாத செவ்வாய்க்கிழமை

நேற்று ராத்திரி என் தட்டில் இரண்டு முட்டை இருந்தது. எப்போதும் ஒன்றுதான் இருக்கும். ஏன் இரண்டு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் கேட்டவளாக இருந்திருப்பேன்.

இப்படி நினைத்துக்கொண்டேதான் அவள் விரிப்பின் இரண்டு மூலைகளையும் பிடித்து உதறினாள். ஈரம் முகத்தில் தெறித்தது. எதிர்ப்பக்கம் நின்றவள் மற்ற இரண்டு மூலைகளைப் பிடித்து இழுக்க, இருவரும் சேர்ந்து விரிப்பைச் சூட்டு உருளையின் வாயில் கொடுத்தார்கள். அது உள்ளே போய், காய்ந்து, சப்பையாகி மறுபக்கம் வந்து விழுந்தது. அடுத்தது.

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் இடம் அது. பகல் பன்னிரண்டுக்கு உள்ளே போனால் இரவு எட்டுக்குத்தான் வெளியே. ஜோடி ஜோடியாகத்தான் வேலை. எதிரில் நிற்பவளை எதிர்க்கை என்று சொல்வார்கள். இவளுடைய எதிர்க்கை ஏழு வருஷமாக ஒரே ஆள்தான். அவள் முகத்தைவிட அவளுடைய இழுப்பு இவளுக்கு நன்றாகத் தெரியும். போன் உள்ளே கொண்டுவரக் கூடாது. வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிடுவார்கள். பதினோரு வருஷச் சூட்டில் விரல் நுனிகள் மரத்துவிட்டன. வீட்டில் அடுப்பிலிருந்து பாத்திரத்தைத் துணியில்லாமலே இறக்குவாள். மகளுக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல இவளால் முடியாது. பக்கத்து வீட்டு டீச்சரம்மா வந்து தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"என்னடி, இன்னிக்கு உன் பக்கம் கோணலாவே போகுது? உருளைக்கு வாய் இருந்தா உன்னத் திட்டும்" என்றாள் எதிர்க்கை.

"அதுக்கு வாய் மட்டும்தான் இருக்கு."

"அட, பேசுறியே! வந்ததுலேர்ந்து ஒரு வார்த்தையக் காணோம். யாரு செத்தா?"

"யாரும் சாகல. எங்க பில்டிங்குக்குத் தண்ணி கேன் போடுறவர் தோள்ல டப்பா விழுந்து எலும்பு ஒடஞ்சுபோச்சு. நேத்து சாயங்காலம்."

"ஐயையோ. எப்பிடி விழுந்துச்சு?"

"காத்துல விழுந்துச்சாம்."

எதிர்க்கை அடுத்த விரிப்பை எடுத்தாள். "நேத்து ஏதுடி காத்து? டீ குடிக்கறப்ப நம்ம குழாய்லேர்ந்து போற ஆவியப் பாத்தோமே. குச்சி நட்ட மாதிரி நேரா நின்னுச்சு. நீதான காட்டின, இன்னிக்கு ஒரு இலை அசையலன்னு?"

அவள் மூலையைப் பிடித்தாள்.

*

அன்று காலையில் ரொட்டிக் கடையில்தான் அவளுக்கு முதலில் தெரிந்தது. கடைக்காரர் ரொட்டியைச் சுற்றிக்கொண்டே, "உங்க பில்டிங்ல நேத்து ஒரே ரகளையாமே" என்றார். அவள் விழித்தாள். "என்னம்மா, அங்கயே குடியிருந்துட்டு எங்கிட்டக் கேக்கறீங்க?" என்று அவர் சிரித்தார்.

மூன்றாம் மாடியில் நான்கு கதவுகள். இவள் வீடு, டீச்சரம்மா வீடு, தையல்காரக்கா வீடு, மீட்டர் அண்ணன் வீடு. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்துக் குறித்துவந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். கணவன் வேறொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டு போனபோது இவளுடைய மகளுக்கு நான்கு வயது. அந்த வாரமே வீட்டுச் சாவியை மூன்று பிரதி எடுத்து மூன்று வீட்டிலும் கொடுத்தாள். அன்றிலிருந்து அந்த மாடிக்கே மகள்தான் பாப்பா. இப்போது பதினைந்து வயது, டீச்சரம்மாவைவிட உயரம், இன்னும் பாப்பாதான். டீச்சரம்மா பாடம் சொல்லிக்கொடுத்தாள். தையல்காரக்கா சோறு போட்டாள். மீட்டர் அண்ணன் கூட உட்கார்ந்து சாப்பிடுவார். "ஊரார் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானே வளரும்பாங்க. எனக்குத் தன் பிள்ளையே இல்ல. அதனால ஊட்டுறதோட சரி" என்பார்.

அவள் ரொட்டியோடு நேரே தையல்காரக்கா வீட்டுக்குப் போனாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, தண்ணி கேன்காரருக்கு என்ன ஆச்சு?"

"காத்துல ஒரு டப்பா விழுந்துச்சும்மா. நீ டீ குடிச்சியா?"

"எந்த டப்பா?"

"மொட்டை மாடில கெடந்துச்சே, பழைய பெயிண்ட் டப்பா. உள்ள இறுகிப்போய்க் கல்லு மாதிரி. நல்லவேளை, தோள்ல கேன் இருந்துச்சோ, பாதி அடிய கேன் வாங்கிக்கிச்சு. இல்லேன்னா மண்டை."

"கல்லு மாதிரி இருக்கற டப்பா காத்துல எப்பிடிக்கா விழும்?"

மெஷின் ஓடியது.

"அக்கா."

மெஷின் நின்றது. தையல்காரக்கா ஊசிக்கு அடியிலிருந்த துணியை எடுக்காமல் அப்படியே இருந்தாள். "கதவச் சாத்து" என்றாள்.

கதவைச் சாத்துவதற்குள் டீச்சரம்மா வந்துவிட்டாள். பின்னாலேயே மீட்டர் அண்ணன். மூவரும் இதை ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள் என்பது அவர்கள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

"பாப்பாதான். ஆனா வேணும்னு பண்ணல" என்றாள் தையல்காரக்கா.

"அவ கீழ பாக்கவே இல்ல. நான் கேட்டுட்டேன்" என்றாள் டீச்சரம்மா.

"மாடிக்கு எதுக்குப் போனா? அந்த நேரம் ஸ்கூல்ல சாயங்கால வகுப்பு இருக்குமே."

மீட்டர் அண்ணன் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, நீ மொதல்ல உக்காரு."

"உக்காந்துதான் இருக்கேன்ண்ணே."

"ஆமா, உக்காந்துதான் இருக்கே." அவர் கையைத் தேய்த்துக்கொண்டார். "அவ மேலேர்ந்து எதையாவது போடுவா. ரெண்டு வருஷமாவே. மொதல்ல துணி கிளிப்பு. அப்புறம் தக்காளி. ஃபியூஸ் போன பல்பு. பாட்டில். பூந்தொட்டிகூட ஒண்ணு. பின்பக்கச் சந்துலதான் போடுவா, ஆள் நடமாட்டம் இருக்காது. நான் போய்க் கூட்டி அள்ளிட்டு வந்துருவேன். ஒருத்தருக்கும் தெரியாது."

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே."

"எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும்" என்றாள் டீச்சரம்மா. "வயசும்மா. சில பிள்ளைங்க கதவ அடிச்சுச் சாத்தும். இது இப்பிடி. தானா விட்டுரும்னு நெனச்சோம்."

"நேத்து ஏன் முன்பக்கம்?"

"பின்பக்கம் போர் அடிச்சுருச்சாம்." டீச்சரம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

தையல்காரக்கா எழுந்து அலமாரியைத் திறந்து, அளவு நோட்டுக்கு அடியிலிருந்து நான்கைந்து காகிதங்களை எடுத்தாள். பள்ளிக்கூடத்துக் கடிதங்களின் நகல்கள். பள்ளி விண்ணப்பத்தில் வீட்டுப் போன் நம்பர் என்ற இடத்தில் தையல்காரக்காவின் நம்பரை எழுதிக் கொடுத்தவள் அவள்தான். வேலையிடத்தில் போனைப் பூட்டிவிடுகிறார்களே, அவசரத்துக்கு யாராவது எடுக்க வேண்டுமே என்று. நாற்பத்தியொரு நாள் வரவில்லை என்றிருந்தது ஒரு கடிதத்தில். ஆய்வுக்கூடக் கண்ணாடியை உடைத்ததாக ஒன்றில். எல்லாவற்றின் கீழும் அவளுடைய கையெழுத்து இருந்தது. அவள் போடுவதைவிட அழகாக.

"நான்தாம்மா போட்டேன்" என்றாள் தையல்காரக்கா. "போன் வரும், போவேன், பெரியம்மான்னு சொல்லிட்டு உக்காந்து கேட்டுட்டு வருவேன். அவள உக்கார வச்சுத் திட்டுவேன். அழுவா. அப்புறம் சாப்பிடுவா. நாலு நாள் ஒழுங்கா இருப்பா."

"எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"எப்பிடிச் சொல்றது? ராத்திரி நீ படியேறி வர்றப்ப உன் மூஞ்சிய நீ பாத்திருக்கியா? செருப்பக்கூட கழட்டாம செவுத்தப் புடிச்சிட்டு நிப்பே. அந்த மூஞ்சிகிட்ட என்னத்தச் சொல்ல? சொல்லி நீ என்ன பண்ணப்போற? வேலைய விட்ருவியா?"

கோபம் வர வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. வரட்டும் என்று சற்று நேரம் காத்துக்கூட இருந்தாள். வரவில்லை. விரல் நுனியில் சூடு தெரியாததைப் போல அது எங்கோ தொட்டுவிட்டுப் போனது. உண்மையில் எனக்குத் தெரியாதா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். அலமாரிக்குப் பின்னால் சுவர் ஓதம் பிடித்திருப்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? நகர்த்திப் பார்க்கத்தான் மாட்டார்கள். வீட்டுக்கு வந்தால் எல்லாம் சரியாக இருக்கும். பாத்திரம் கழுவியிருக்கும். மகள் புத்தகத்தை விரித்து வைத்திருப்பாள். அந்தப் புத்தகத்தில் எத்தனையாவது பக்கம் என்று அவள் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. சொல்லாமல் விட்டதற்காக இவர்களுக்கு அவள் ரொம்ப நாளாக நன்றியோடு இருந்திருக்கிறாள். அது இப்போதுதான் புரிந்தது.

"இனிமே நடக்க வேண்டியதப் பாப்போம்" என்றார் மீட்டர் அண்ணன். "நாளைக்குக் காலைல போலீஸ்லேர்ந்து ஒரு அம்மா வந்து வீடு வீடா கேக்கப்போறாங்க. மொட்டை மாடில ஒரு மஞ்சச் சட்டை தெரிஞ்சுதுன்னு கேன்காரர் சொல்லியிருக்காராம். வேற சாட்சி இல்ல, அவர் சொல்ற ஒரு சொல்லுதான். நாங்க எல்லாரும் காத்துன்னு சொல்லிட்டோம். நீ ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். செவ்வாக்கிழமை உனக்கு லீவு, நீயும் அவளும் அஞ்சு மணிக்கு வீட்லதான் இருந்தீங்க. அவ்வளவுதான். வேலை எடத்துல போயெல்லாம் யாரும் விசாரிக்க மாட்டாங்க."

"அவள விசாரிக்க ஆரம்பிச்சா ஸ்கூலுக்குப் போவாங்க" என்றாள் டீச்சரம்மா மெதுவாக. "ஸ்கூலுக்குப் போனா இந்தக் காயிதம் எல்லாம் வெளிய வரும். ஸ்கூல் அவளை வெளிய அனுப்பிரும். கையெழுத்துக்கு இவங்க பதில் சொல்லணும்."

"என்ன விடுங்க. நான் பாத்துக்குவேன்" என்றாள் தையல்காரக்கா. அவள் குரல் அப்படிச் சொல்லவில்லை.

அவள் எழுந்து வேலைக்குப் போனாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

*

அன்று இரவு எட்டரைக்கு வீட்டுக்கு வந்தபோது தட்டு மூடியிருந்தது. சோறு, அவரைக்காய், ஒரு முட்டை. மகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. இந்த முதுகு எப்போது இவ்வளவு அகலமானது?

"சாப்பிட்டியா?"

"ம்."

"எத்தன மணிக்கு?"

மகள் திரும்பிப் பார்த்தாள். அம்மா இப்படியெல்லாம் கேட்பதில்லை. "ஏழு மணிக்கு. பெரியம்மா வீட்ல."

"மாடிக்கு எதுக்குப் போற?"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மகள் அதை நிறுத்தினாள். "சொல்லிட்டாங்களா? சொல்ல மாட்டேன்னாங்க."

"எதுக்குப் போற?"

"சும்மாதான்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான்." ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, சுவரில் சாய்ந்து நின்று சொன்னாள். "கையிலேர்ந்து விட்டதும் எண்ணுவேன். ஒண்ணு, ரெண்டு… ரெண்டு முழுசா முடியாது, அதுக்குள்ள சத்தம் வந்துரும். அந்த ரெண்டு வரைக்கும் ஒண்ணுமே இருக்காது. ஸ்கூல் இருக்காது, யாரும் இருக்க மாட்டாங்க. சத்தம் வந்ததும் யாராவது வருவாங்கன்னு பாத்துட்டே நிப்பேன்."

"யாரு வருவாங்க?"

"யாரோ. வந்து திட்டுவாங்க, அடிப்பாங்கன்னு. மீட்டர் மாமா தொடப்பத்த எடுத்துட்டு வருவாரு. கூட்டிட்டுப் போயிருவாரு. மேல பாக்கக்கூட மாட்டாரு."

அவள் சோற்றைப் பிசைந்தாள்.

"அதான் பெருசா பெருசாப் போட்டியா?"

"தெரியல."

"கீழ பாத்தியா? நேத்து?"

பக்கத்து வீட்டு டிவியில் யாரோ கைதட்டினார்கள்.

"பாத்தேன்" என்றாள். "டீச்சரம்மாகிட்ட பாக்கலன்னு சொன்னேன். அவர் வர்றதப் பாத்தேன். கைய உள்ள இழுத்திருக்கலாம். நகந்து போயிருவாருன்னு நெனச்சேன்."

"நெனச்சியா?"

"நெனச்சேனான்னு தெரியலம்மா."

அடிக்கலாம் என்று தோன்றியது. கட்டிக்கொள்ளலாம் என்றும் தோன்றியது. இரண்டுக்கும் எழுந்து போக வேண்டும். கால்கள் எட்டு மணி நேரம் நின்ற கால்கள். அவள் உட்கார்ந்த இடத்திலேயே தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மறுபடியும் குழாயைத் திறந்தாள்.

*

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் படியில் யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்து பார்த்தாள். கேன்காரரின் மனைவி. நிறைந்த கேனை இடுப்பில் வைத்து இரண்டு கையாலும் அணைத்திருந்தாள். படிக்குப் படி இறக்கி வைத்து ஏறியிருக்க வேண்டும். முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

"அவர் வர முடியாதில்ல. வீடுங்க வேற கேன்காரங்ககிட்டப் போயிரும்னுட்டு நான் எடுத்துட்டு வந்தேன்க்கா. எங்க வைக்க?"

"நீங்க வைங்க, நான் கவுத்துக்கறேன்."

"உங்களால தூக்க முடியாது, நாந்தான் கவுத்து வைப்பேன்னு அவர் சொல்லுவாரு." அவள் உள்ளே வந்து கேனைத் தூக்கித் தாங்கியின் மேல் கவிழ்த்தாள். பாதித் தண்ணீர் தரையில் போனது. "ஐய, கொட்டிட்டேனே. பழகிக்குவேன்க்கா."

அவள் துணியைப் போட்டுத் துடைத்தாள். "அவருக்கு எப்பிடி இருக்கு?"

"வலின்னு சொல்ல மாட்டாரு. கட்டுப்போட்டு உக்கார வச்சிருக்கு. இந்தப் பக்கத் தோள்ல இனிமே பாரம் தூக்கக் கூடாதுன்னுட்டாங்க." முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "அதவிட இன்னொண்ணுதான்க்கா தொல்லை. மேல ஒரு பொண்ணு நின்னுச்சு, மஞ்சச் சட்டை, நான் கண்ணால பாத்தேன்னு ஒரே புலம்பல். நானும் எல்லா வீட்லயும் கேட்டேன். எல்லாரும் நல்லவங்க, பொய் சொல்றவங்களா? காத்துன்னுதான் சொல்றாங்க. நேத்து ராத்திரி நான் சத்தமாவே சொல்லிட்டேன். மருந்து மயக்கத்துல உளறாதீங்க, நாம கேன் போட்டுப் பொழைக்கற எடம், அபாண்டமாப் பேசி ஆளுங்களப் பகைச்சுக்காதீங்கன்னு. அதுலேர்ந்து பேசவே மாட்டேங்கறாரு. சரி, ஒருவேளை மயக்கம்தான் போலன்னு காலைல சொன்னாரு. அவருக்கே சந்தேகம் வந்துருச்சு, பாருங்க."

அவள் துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"டீ போடட்டுமா?" என்றாள்.

"இன்னும் ஆறு வீடு இருக்குக்கா. இன்னொரு நாள்."

படியிறங்கும் காலடி தேயும்வரை அவள் குனிந்தே இருந்தாள். நிமிர்ந்தபோது உள்ளறை வாசலில் மகள் நின்றிருந்தாள். கேட்டிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை.

பதினோரு மணிக்கு விசாரணைக்கு வந்தவள் இவளைவிடச் சின்னவளாக இருந்தாள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "மூணு மாடி ஏறுறதுக்குள்ள உயிர் போகுது. லிஃப்ட் இல்லாம எப்பிடிம்மா இருக்கீங்க?" என்றாள்.

"பழகிருச்சு மேடம். எங்களுக்கெல்லாம் தொப்பையே கிடையாது" என்றார் மீட்டர் அண்ணன், தன் தொப்பையைத் தட்டிக்கொண்டு. எல்லோரும் சிரித்தார்கள். மூவரும் இவள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். வரச்சொல்லி யாரும் அழைக்கவில்லை. இந்த வீட்டுக்குள் வர அவர்களை என்றும் அழைக்க வேண்டியிருந்ததில்லை. டீச்சரம்மா பாப்பாவின் தலையைத் தடவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தையல்காரக்கா டீயைக் கொண்டுவந்து வைத்தாள். எந்த டப்பாவில் சர்க்கரை இருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும்.

போலீஸ்காரி டீயை ஒரு வாய் குடித்துவிட்டு நோட்டைப் பிரித்தாள். "மத்த வீடெல்லாம் முடிஞ்சுது. எல்லாரும் காத்துன்னுதான் சொல்றாங்க. உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டு எழுதிட்டா நான் மூடிருவேன். இங்க இந்த வயசுல பொண்ணு இருக்கறது உங்க வீட்லதான், அதான் கேக்கறேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

"கேளுங்க."

"செவ்வாய்க்கிழமை உங்களுக்கு லீவுன்னு இவங்க சொன்னாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு நீங்களும் பொண்ணும் இங்க வீட்ல இருந்தீங்க. அப்பிடித்தானே?"

அவள் வாயைத் திறக்குமுன் தையல்காரக்கா, "ஆமா மேடம், நான்கூட வந்து பேசிட்டுப் போனேன்" என்றாள்.

"அவங்களே சொல்லட்டும்மா."

பேனா காகிதத்தின் மேல் நின்றது. ஆமாம் என்று சொல்வது எளிது. அது பொய் என்பதுகூட அவளுக்குப் பெரிதாகப்படவில்லை. பதினோரு வருஷத்தில் ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் இந்த அறையில் மகளோடு இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த நேரத்தில் சன்னல் வெளிச்சம் எந்தச் சுவரில் விழும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. அதைத்தான் இப்போது இருந்ததாக எழுதித் தரச் சொல்கிறார்கள். எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அன்பாக. மகள் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் நிமிர்ந்தாள்.

"இல்லைங்க" என்றாள் அம்மா.

"என்ன இல்ல?"

"நான் வீட்ல இல்ல."

"அம்மாடி, நல்லா யோசிச்சுச் சொல்லு. செவ்வா…" என்று தொடங்கினார் மீட்டர் அண்ணன்.

"யோசிச்சேன்ண்ணே." குரல் உயரவில்லை. "அஞ்சு மணிக்கு நான் வேலையில இருந்தேன். எல்லா நாளும் அங்கதான் இருப்பேன். இவ எங்க இருந்தான்னு நீங்க இவளத்தான் கேக்கணும். நானும் பக்கத்துல இருக்கேன்."

தையல்காரக்கா டீ தம்ளர்களை எடுக்க ஆரம்பித்தாள், குடிக்காதவற்றையும் சேர்த்து. இவள் நகர்ந்து டீச்சரம்மாவுக்கும் தன் மகளுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தாள்.